செகண்ட் ஹேண்ட் கார்: ஆர்.சி.யில் பெயர் மாற்ற எவ்வளவு ஆன்லைன், எவ்வளவு ஆபீஸ்

“பேர் மாத்தறதெல்லாம் இப்ப ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை சார்” என்றார் எனக்குக் கார் விற்ற பெரியவரின் மருமகன். அந்த அஞ்சு நிமிஷம் முடிய இருபத்தாறு நாள் ஆனது. அதில் பதினோரு நாள் ஒரே ஒரு ஓ.டி.பி.க்காகப் போனது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கணினி முன்னால் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டினால் அரை மணிகூட வராது. மீதியெல்லாம் அந்த அரை மணிக்கு முன்னும் பின்னும் இருந்த வேலை.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு முதல் தடவையாகப் பழைய கார் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் செய்வதா, நேரில் போவதா என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும்தான். விண்ணப்பம், கட்டணம், தேதி எடுப்பது எல்லாம் இணையத்தில். கையெழுத்துப் போட்ட காகிதமும் பழைய ஆர்.சி. அட்டையும் கவுண்டரில். எதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் ஆபீஸுக்கு ஒரே ஒரு நடையில் முடித்துவிடலாம்.

புதுக் கார் என்றால்

புதுக் காருக்கு நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. படிவம் 20, விற்பனைச் சான்றான 21, தயாரிப்பாளர் தரும் 22, இன்ஷூரன்ஸ், ஆயுள் வரி என்று எல்லாவற்றையும் ஷோரூம்காரர்களே அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’-இல் ஏற்றிவிடுவார்கள். 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய்க் கார் என்றால் வரி மட்டும் 1,04,000. பில்லில் இந்தத் தொகை தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கீழே வருகிறது. ஏனென்றால் என் பதினோரு நாளைத் தின்றது அதுதான்.

பணம் கொடுப்பதற்கு முன்

கார் பிடித்திருக்கிறது, விலையும் படிந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எந்த ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் எதுவரை என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும், இருந்தாலும் எதிரில் நிற்பவர் அவர்தானா என்று ஊகிக்க அது போதும். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்தே இறக்குங்கள். “உங்கள் வண்டிக்கு அபராதம்” என்று வாட்ஸ்ஆப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் நிறைய. இணையதளம் என்றால் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இ-சலான் தளம். பழைய அபராதம் ஏதும் நிலுவையில் இருந்தால் விற்பவரையே கட்டச் சொல்லுங்கள். அவர் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகு மேலே பேசுங்கள்.

அட்டையில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தக் கார் இன்னும் அடமானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். “லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு” என்பார்கள். உண்மையாகவே முடிந்திருக்கலாம். ஆனால் கடனை அடைத்தவுடன் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் தானாகப் போய்விடாது. வங்கி தரும் தடையின்மைக் கடிதத்தையும் படிவம் 35-ஐயும் கொடுத்து நீக்க வேண்டும். ஆபீஸ் வட்டாரத்தில் இதற்கு ‘எச்.பி. கேன்சல்’ என்று பெயர். அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. நாலு வருஷத்துக்கு முன் வாங்கி பீரோவில் வைத்த கடிதம் செல்லாது, வங்கிக்குத் திரும்பப் போய்ப் புதிதாக வாங்க வேண்டும். அதை விற்பவர் தலையில் போடுங்கள். நீங்கள் வாங்கியபின் அந்த வங்கி உங்களை யாரென்றே கேட்காது.

ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தைத் திறக்கவே, ஏற்கெனவே பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அந்த எண் விற்பவருடையது. அதாவது, விற்பவருடையதாக இருந்தாக வேண்டியது.

எனக்குக் கார் விற்றவர் ஓய்வுபெற்ற வாத்தியார். 2014-இல் புதிதாக வாங்கிய கார். நான் என் வீட்டில் உட்கார்ந்து வண்டி எண்ணைப் போட்டு, சேசிஸ் எண்ணின் (வண்டியின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்) கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டேன். ஓ.டி.பி. அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. அவருக்குப் போன் செய்தேன். “இன்னும் வரலையேப்பா” என்றார். மறுபடி அனுப்பினேன். வரவில்லை. திரையில் நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் தெரிந்த கடைசி நாலு எண்ணைப் படித்துக் காட்டினேன். “அது என் நம்பரே இல்லையே” என்றார். பத்து வருஷத்துக்கு முன் ஷோரூமில் படிவம் நிரப்பிய பையன் அவசரத்துக்குத் தன் எண்ணையோ வேறு யாருடையதையோ தட்டியிருக்கிறான். இத்தனை வருஷமும் அந்தக் காரின் ஓ.டி.பி.யெல்லாம் யாரோ ஒரு அந்நியருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கைப்பேசி எண்ணை மாற்ற அதே தளத்தில் தனிச் சேவை இருக்கிறது. சேசிஸ் எண், என்ஜின் எண், பதிவுத் தேதி போன்ற விவரங்களை அட்டையில் உள்ளபடியே கேட்கும். அவர் அட்டையைப் படித்துச் சொல்ல, நான் தட்ட, ‘பி’ என்றதை நான் ‘டி’ என்று கேட்டு, இரண்டு நாள் வீணானது. பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன். மருமகன் ஊரில் இல்லை. இப்படியே பதினோரு நாள். கார் பார்க்கப் போன முதல் நாளே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் என் யோசனை இது. முழுப் பணமும் கைமாறும் முன், விற்பவரும் நீங்களும் ஒரே இடத்தில் உட்காருங்கள். அவர் போன் அவர் கையில், ஆர்.சி. அட்டை மேசை மேல். விண்ணப்பத்தை அங்கேயே தொடங்குங்கள். ஓ.டி.பி. வந்து, விண்ணப்ப எண் விழுந்து, படிவங்களில் அவர் கையெழுத்தும் வாங்கியபிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். பணம் வாங்கியபின் போனை எடுக்காதவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

திரையில் செய்ய வேண்டியவை

போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் வாகனம் தொடர்பான சேவைகளுக்குப் போய் மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுங்கள். வண்டி எண், அலுவலகம், சேசிஸின் கடைசி ஐந்து இலக்கம், ஓ.டி.பி. உள்ளே போனதும் பெயர் மாற்றம் என்ற சேவையைக் குறியிடுங்கள். எச்.பி. நீக்க வேண்டியிருந்தால் அதையும், நீங்கள் கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால் புது வங்கியின் பெயரை ஏற்றும் படிவம் 34-ஐயும் சேர்த்தே முடித்துக்கொள்ளப் பாருங்கள். தனித்தனியாகப் போட்டால் தனித்தனியாக அலைய வேண்டும்.

அடுத்து உங்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. முகவரியை முகவரிச் சான்றில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஆர்.சி.யை விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறார்கள், கவுண்டரில் கையில் தருவதில்லை. கதவு எண் தப்பாக இருந்தால் அட்டை ஆபீஸுக்கே திரும்பிப் போய்விடும்.

இன்ஷூரன்ஸ் விவரம் தானாக வந்து நிற்கும். வராவிட்டால் பாலிசியைப் பார்த்து நிரப்பலாம். காலாவதியான பாலிசியோடு மேலே போக முடியாது.

கட்டணம் பெரிதல்ல. காரைப் பதிவு செய்ய விதிப்படி 600 ரூபாய், பெயர் மாற்ற அதில் பாதி, 300. ஸ்மார்ட் அட்டைக்கு 200. இதோடு மாநிலச் சேவைக் கட்டணமும் தபால் செலவும் சேரும். வங்கிக் கடன் ஏறுவதாக இருந்தால் 1,500 கூடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே கைமாறும் காருக்கு ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. அது வண்டியோடு வருகிறது. என்னிடம் ஒரு ஏஜென்ட் 3,500 கேட்டார். “ஆபீஸ்ல நிறையப் பேரைப் பார்க்கணும் சார்” என்றார். நான் யாரையும் பார்க்கவில்லை, ஒரு கிளார்க்கைத் தவிர.

பணம் கட்டும்போது திரை நடுவில் நின்றுபோனால் பதறி இரண்டாவது தடவை கட்டாதீர்கள். கணக்கில் பணம் போய் ரசீது வராத விண்ணப்பங்களைச் சரிபார்க்க அதே தளத்தில் வசதி உண்டு. விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரசீது வந்ததும் படிவம் 29, படிவம் 30 இரண்டையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். 29 என்பது ‘நான் விற்றுவிட்டேன்’ என்று விற்பவர் தரும் அறிவிப்பு, இரண்டு பிரதி வேண்டும். 30-இல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவரின் கையெழுத்து பழைய ஆவணத்தில் உள்ளது மாதிரியே இருக்கட்டும். வயதானவர்களுக்குக் கை நடுங்கி வேறு மாதிரி விழும். அப்படியென்றால் அவரையே நேரில் கூட்டிப் போவது நல்லது.

செல்லோ டேப்பும் பென்சிலும்

படிவத்தில் சேசிஸ் எண்ணை அச்செடுத்து ஒட்டச் சொல்வார்கள். இணைய வேலைக்கு நடுவே இது மட்டும் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி மாதிரி இருக்கும். தேவை ஒரு மெல்லிய பென்சில், செல்லோ டேப், பழைய துணி. எண் எங்கே பொறித்திருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் முன் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும், சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் பின்சுவர்த் தகட்டில் இருக்கும். என் காரில் இருக்கைக்கு அடியில் இருந்தது. அதன் மேல் பத்து வருஷத்து வேர்க்கடலைத் தோலும் பிள்ளைகளின் பிஸ்கட் தூளும் ஒட்டிக்கிடந்தன. ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, எண் மேல் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். குழியில் உள்ள எழுத்து வெளுப்பாக நிற்கும், சுற்றிலும் கறுக்கும். டேப்பை அப்படியே உரித்துப் படிவத்தில் ஒட்டிவிட வேண்டியதுதான். முதல் தடவை கலங்கலாகத்தான் வரும். மூன்று எடுத்து நல்லதை ஒட்டுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பொறித்த எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் அந்தக் கார் வேண்டாம்.

ஆபீஸில்

இணையத்தில் எடுத்த தேதிக்குப் போகும்போது பைக்குள் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., கையெழுத்தான படிவங்கள், கட்டண ரசீது, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் முகவரிச் சான்று, பான் அட்டை அல்லது அது இல்லாதவர்களுக்கான படிவம் 60, கடன் இருந்திருந்தால் வங்கிக் கடிதம். எல்லாவற்றுக்கும் ஒரு நகல். பாஸ்போர்ட் அளவு போட்டோ கேட்டாலும் கேட்பார்கள்.

வாசலில் நுழைவதற்குள் நாலு பேர் “என்ன வேலை சார்?” என்று கேட்பார்கள். நேராக உள்ளே போய்ப் பெயர் மாற்றத்துக்கான கவுண்டர் எது என்று கேளுங்கள். சிலர் வண்டியையும் கொண்டு வரச் சொல்வார்கள், அது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். காரிலேயே போய்விட்டால் பிரச்சினை இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்க்க வேண்டும் என்றால் உடனே காட்டிவிடலாம். நான் பேருந்தில் போயிருந்தால் மறுநாளும் போயிருக்க வேண்டும்.

கொடுத்த பிறகு விண்ணப்ப எண்ணை வைத்து நிலவரத்தைத் தளத்திலேயே பார்க்கலாம். ‘சரிபார்க்கப்பட்டது’, ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று நகரும். நாலைந்து நாளாக ஒரே இடத்தில் நின்றால் ஏதோ காகிதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். காத்திருந்தால் தானாக நகராது.

ஆபீஸே போகாமல் முடியாதா?

முடியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சில் 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்போடு நேரில் வராமலே பெறலாம் என்று அறிவித்தது. 2022 செப்டம்பரில் அந்தப் பட்டியல் 58 ஆனது, பெயர் மாற்றமும் அதில் இருக்கிறது. ஆனால் விற்பவர், வாங்குபவர் இருவர் ஆதாரிலும் இப்போது உபயோகத்தில் உள்ள கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும், பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்குச் சிக்கல் இந்தக் கடைசி விஷயத்தில்தான். இனிஷியல். ஆர்.சி.யில் ‘எஸ். முருகேசன்’, ஆதாரில் ‘முருகேசன் சுப்பையா’, பான் அட்டையில் ‘சுப்பையா முருகேசன்’. மூன்றும் ஒரே ஆள் என்று கவுண்டரில் இருக்கும் கிளார்க்குக்குப் பார்த்தவுடன் தெரியும். கணினிக்குத் தெரியாது. என் வாத்தியாருக்கும் இப்படித்தான் இருந்தது. பெயரும் எண்ணும் இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் ஆதார் வழியில் போங்கள், நேரம் மிச்சம். விற்பவர் வேறு ஊரில் இருந்தால் அதுதான் வசதியும்கூட. ஒரு பக்கம் இடறினாலும் அதோடு மல்லுக்கட்டாமல் காகிதத்தோடு நேரில் போய்விடுங்கள்.

தள்ளிப்போட்டால்

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். நடைமுறையில் பலர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இதில் பெரிய ஆபத்து விற்றவருக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், உரிமையாளர் 2007-இலேயே காரை விற்றுவிட்டார். அது பல கை மாறி 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பவர் இழுத்தடித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் வேகமாக வேலை செய்தது.

பழைய கார் டீலர் வழியாக விற்கிறவர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வசதி உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை இணையத்தில் பதிந்துவிட்டால், அடுத்தவர் வாங்கும்வரை பொறுப்பு டீலருடையது. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலக் கார் என்றால் கதையே வேறு. அந்த மாநில ஆபீஸில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், இங்கே காரின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், பிறகு படிவம் 27-இல் புது எண் வாங்க வேண்டும். விலை மலிவு என்று பாண்டிச்சேரியிலோ பெங்களூரிலோ வாங்கும் முன் இந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உரிமையாளர் இறந்துபோன கார் என்றால் படிவம் 31, வாரிசுச் சான்றிதழோடு. முதலில் வாரிசின் பெயருக்கு மாறட்டும், அதற்குப் பிறகு வாங்குங்கள்.

பெயர் மாறிய பின்

அங்கீகாரம் கிடைத்ததும், அட்டை தபாலில் வரும் முன்பே அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் புதுப் பெயரோடு ஆர்.சி. வந்துவிடும். 2018-இல் விதி திருத்தப்பட்டதிலிருந்து சோதனையின்போது அதைக் காட்டினாலே போதும்.

இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற, கார் வாங்கியதிலிருந்து 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும், விற்பனைக் காகிதத்தைக் காட்டி முன்பே தொடங்குங்கள். இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான ‘நோ கிளெய்ம் போனஸ்’ பழைய உரிமையாளருடையது, காரோடு வராது. அதனால் பிரீமியத்தில் வித்தியாசத் தொகை கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஃபாஸ்டேகை விற்பவர் மூடியபின் உங்கள் பெயரில் புதிது வாங்கி ஒட்டுங்கள். நான் அதை மறந்துவிட்டேன். திருச்சி போய் வந்த சுங்கக் கட்டணம் முழுக்க வாத்தியார் கணக்கில் போயிருந்தது. அவர் போன் செய்து, “ஊருக்குப் பத்திரமா போய்ச் சேர்ந்துட்டியாப்பா?” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.